அளவுக்கு மேல் பன்னீர்

மாட்டுங்கா
12 ஏப்ரல் 1964

அன்புள்ள பூமாரி,

இங்கு எல்லோரும் நலம். நீயும் உன் அம்மாவும் தங்கை முருகம்மாளும் நலம்தானே. தாராவியில் நான் நடத்திவந்த ஞாயிற்றுக்கிழமை வகுப்பை இரண்டு மாதமாக நீ தனியாகவே பார்த்துக்கொள்கிறாய் என்று கேள்விப்பட்டேன். உனக்கு என் மேல் கோபம் இருக்கும். நான் என்ன செய்வேன், எங்கள் வீட்டுக்காரர் ஒரே பிடியாக நிற்கிறார். "அங்கே டைபாயிட் பரவறதாம். பாலத்தைத் தாண்டிப் போனியானா திரும்பி வராதே" என்கிறார். ரயில் பாலத்துக்கு அந்தப் பக்கம் நீ, இந்தப் பக்கம் நான். நடந்து வந்து சொல்ல வேண்டியதைத் தபாலில் போடுகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் சங்கம் மே மாதம் பத்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை இளைஞர் கருத்து மாநாடு ஒன்று நடத்துகிறது. நான்தான் செயலாளர். மற்றவர்கள் பெயர் போட்டுக்கொள்ள, வேலை செய்ய ஓர் ஆள் வேண்டுமல்லவா. பல வயதுக்காரர்கள், பல தொழில் செய்பவர்கள் மேடையேறி ஆளுக்குப் பத்து நிமிஷம் ஒரே ஒரு யோசனையைச் சொல்ல வேண்டும். ரயில்வேயில் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்ற வானமாமலை சார் தலைவர். மளிகைக்கடை பிரம்மநாயகம் முதலாளி வியாபாரத்தில் நேர்மை பற்றிப் பேசுகிறார். கல்லூரி மாணவர் சங்கரநாராயணன் சந்திரனுக்கு ராக்கெட் விடுவது பற்றி. அச்சாபீஸில் எழுத்துக் கோர்க்கும் உங்கள் தாராவி மன்சூர் அலியும் உண்டு. ஒன்பது வயதுக் குழந்தை ஒன்று சுலோகம் சொல்லும்.

எந்த யோசனைக்குச் சபையில் ஆதரவு அதிகமோ அதைச் சங்கம் இந்த வருஷமே நிறைவேற்றும் என்று தீர்மானம் போட்டிருக்கிறார்கள். பெண்கள் உயர்நிலைப் பள்ளியை நடத்துவது இதே சங்கம்தான் என்பது உனக்குத் தெரியும். உங்கள் தமிழ்ப் பள்ளிக்கூடம் ஏழாம் வகுப்போடு முடிகிறது, எட்டுக்கு இங்கே வந்த பெண்களைப் போன வருஷம் இடமில்லை என்று திருப்பி அனுப்பினார்கள் என்று என்னைப் பார்க்கும்போதெல்லாம் இடிப்பாயே, அதை மேடையில் வந்து சொல். நல்லபடி நடந்தால் ஜூன் மாதம் முருகம்மாள் எட்டாம் வகுப்பில் இருப்பாள்.

பேச்சை முன்கூட்டியே எழுதி அனுப்பு. வானமாமலை சார் திருத்திக் கொடுப்பார். அழைப்பிதழில் உன் பெயரை 'செல்வி பூமாரி, தோல் கிடங்குத் தொழிலாளி' என்று போடலாம் என்றிருக்கிறேன். பட்டம் வாங்கியவர்களுக்கு மட்டும்தான் எங்கள் மேடை என்று பேசுகிறவர்கள் வாயை அது அடைக்கும்.

அன்புடன்,
விசாலாக்ஷி


தாராவி
19 ஏப்ரல் 1964

டீச்சரம்மாவுக்குப் பூமாரியின் வணக்கம்.

கடிதம் கிடைத்தது. கோபமெல்லாம் இல்லை. டைபாயிட் வந்தது நிஜம்தான், போயும்விட்டது. அதை உங்கள் வீட்டய்யாவிடம் சொல்லுங்கள்.

இளைஞர் மாநாடு என்று எழுதியிருக்கிறீர்கள். தலைவருக்கு எழுபது தாண்டியிருக்கும். பிரம்மநாயகம் அண்ணாச்சி நேர்மையைப் பற்றிப் பேசுகிறார் என்று வாசித்ததும் அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்த சுளகைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். அது அவர் கடை அரிசி. ஒரு பிடி கல்லைப் பொறுக்கி ஓரமாக வைத்திருந்தாள்.

பேச எனக்குச் சம்மதம். பயமாகவும் இருக்கிறது. கிடங்கில் இருபது பெண்களுக்கு நடுவில் நின்று மேஸ்திரியிடம் சண்டை போடுகிறவள்தான் நான். ஆனால் உங்கள் ஆட்கள் நாற்காலியில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்து கேட்பார்கள் என்று நினைத்தால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. முருகம்மாளுக்காக வருகிறேன். பரீட்சை முடிவு வந்துவிட்டது, வகுப்பில் இரண்டாவதாக வந்திருக்கிறாள். எட்டு இல்லையென்றால் என்னோடு கிடங்குக்கு வர வேண்டியதுதான். தோலில் இருந்து உப்பை உதறுகிற வேலை பத்து நாளில் பழகிவிடும். பழகிவிடக் கூடாது என்றுதான் உங்களைப் போட்டு இடிக்கிறேன்.

ஒன்று கேட்கிறேன். அழைப்பிதழில் தோல் கிடங்கு என்று போடாதீர்கள். எனக்கு அதில் வெட்கம் இல்லை. பஸ்ஸில் நான் போய் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர் எழுந்து போய்விடுவார். இடம் கிடைத்தது என்று நான் கையைக் காலை நீட்டிக்கொள்வேன். அது எனக்கு விளையாட்டு. ஆனால் முருகம்மாள் அன்றைக்கு முன்வரிசையில் உட்கார்ந்திருப்பாள். அவள் இன்னும் அதையெல்லாம் பார்த்ததில்லை. 'முருகம்மாளின் அக்கா' என்று போட்டால் அவளும் சந்தோஷப்படுவாள்.

பேச்சை எழுதி இதோடு வைத்திருக்கிறேன். தலைவர் ஐயா திருத்தட்டும். எட்டாம் வகுப்பு என்ற சொல்லை மட்டும் அடித்துவிட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பூமாரி


மாட்டுங்கா
13 மே 1964

அன்புள்ள பூமாரி,

மாநாடு அமோகமாக நடந்தது. அரங்கில் உட்கார இடமில்லை. வானமாமலை சார் தலைமையுரையை முடிக்கவே ஒரு மணி நேரம் ஆனதால் சந்திரனுக்குப் புறப்பட்ட சங்கரநாராயணனைப் பாதி வழியில் இறக்கிவிட வேண்டியதாயிற்று. அது ஒன்றுதான் குறை.

இன்னொரு குறை நீ. இதை எழுத எனக்குச் சங்கடமாக இருக்கிறது. பேசும்போது நடுவில் நிறுத்தினாய். மேடையில் வைத்திருந்த ஊதுபத்தியை வாழைப்பழத்தோடு பிடுங்கித் தலைவர் மேஜையில் கொண்டுபோய் வைத்தாய். வயதில் பெரியவர், அத்தனை பேர் நடுவில் அவருக்கு எப்படி இருந்திருக்கும். பேச்சாளர்களுக்கென்று வடை பாயசத்தோடு இலை போட்டிருந்தோம். உன் இலை மட்டும் அப்படியே கிடந்தது. யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் தங்கையை இழுத்துக்கொண்டு போய்விட்டாயாம்.

அழைப்பிதழ் விஷயத்தில் உனக்கு வருத்தம் என்றால் அதற்கு நான் பொறுப்பில்லை. உன் கடிதம் வருவதற்குள் அச்சுக்குப் போய்விட்டது.

உன் யோசனை நல்ல யோசனை. திருத்திக் கொடுத்ததை அப்படியே படித்திருந்தாலே போதும், சபை கைதட்டியிருக்கும். என்ன வந்தது உனக்கு? கமிட்டி இருபத்துமூன்றாம் தேதி கூடுகிறது. அதற்குள் எனக்கு எழுது. உனக்காக நான் பேச வேண்டுமென்றால் என் கையில் ஏதாவது காரணம் இருக்க வேண்டுமே.

விசாலாக்ஷி


தாராவி
17 மே 1964

டீச்சரம்மாவுக்கு,

ஏன் சாப்பிடாமல் போனாய் என்று கேட்டிருக்கிறீர்கள். குமட்டியது. அதனால் போனேன்.

நீங்கள் மேடைக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தீர்கள், பார்த்திருக்க மாட்டீர்கள் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டு இதை எழுதுகிறேன்.

மாநாட்டுக்கு முந்தைய மூன்று நாளும் கிடங்குக்குப் போகாமல் சுட்டி போட்டேன். கூலி போனால் போகட்டும் என்று அம்மாதான் சொன்னாள். சீயக்காய் அரைத்துக் கொடுத்தாள். புதுச் சோப்பு ஒன்று வாங்கி, குழாயடியில் பெண்கள் வரிசையில் நின்று திட்டத் திட்ட, தோள் சிவக்கும்வரை தேய்த்துக் குளித்தேன். பக்கத்துக் கோலியில் குடியிருக்கும் அன்னத்தாய் அக்கா தன் கல்யாணப் புடவையைக் கொடுத்தாள். புறப்படும்போது முருகம்மாள் என்னைச் சுற்றிச் சுற்றி வந்து மோந்து பார்த்தாள். "ஒண்ணும் இல்லக்கா. சோப்பு வாசந்தான் வருது" என்றாள். அவள் மூக்கு பொய் சொல்லாது. இதைப் படிக்கும்போது நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியது அதுதான். அன்றைக்கு என் மேல் எந்த நாற்றமும் இல்லை.

அரங்கு வாசலில் மேஜை போட்டுச் சந்தனக் கிண்ணம், கல்கண்டுத் தட்டு, வெள்ளிப் பன்னீர்ச் சொம்பு வைத்திருந்தீர்கள். சொம்போடு நின்றது பிரம்மநாயகம் அண்ணாச்சியின் மகள் அகிலாண்டம். எனக்கு முன்னால் போனவர்களுக்கெல்லாம் ஆளுக்கு இரண்டு உதறு. மன்சூர் பாய்க்கும் இரண்டுதான். என் முறை வந்தது. பெயர் கேட்டாள். சொன்னேன். கையிலிருந்த அழைப்பிதழைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அவள் மூக்கு சுருங்கியது அதற்குப் பிறகுதான். நான் அவள் எதிரில் வந்து நின்றபோது சுருங்கவில்லை, அச்சில் இருந்த வரியைப் படித்தபோது சுருங்கியது.

இரண்டு உதறினாள். நான் உள்ளே போகக் காலெடுத்தேன். பின்னால் நின்ற அண்ணாச்சி, "ஏட்டி, அந்தப் புள்ளைக்குக் கஞ்சத்தனம் பண்ணாத. நல்லாத் தெளி, நல்லா" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சொம்பு தீரும்வரை உதறினாள். தலை, முகம், ரவிக்கை எல்லாம் சொட்டச் சொட்ட நின்றேன். அப்போது பார்த்துப் போட்டோக்காரர் விளக்கைப் பளிச்சென்று அடித்தார். கண்ணுக்குள் பன்னீர் போய் எரிந்ததால் முகத்தைச் சுருக்கினேன். படத்தில் அது எப்படி விழுந்திருக்கிறதோ தெரியவில்லை.

கையில் சுருட்டி வைத்திருந்த பேச்சுத் தாளும் நனைந்துவிட்டது. என் நீல மையும் தலைவர் ஐயாவின் சிவப்பு மையும் கலந்து ஓடிவிட்டன. திருத்தியதை ஏன் படிக்கவில்லை என்று கேட்டீர்களே, அதற்கு இதுதான் பதில்.

மேடையில் எனக்குப் பக்கத்து நாற்காலியில் சுலோகம் சொல்லும் குழந்தை இருந்தது. அதன் அம்மா ஏறி வந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய் அந்தக் கோடியில் உட்கார வைத்தாள். சரி, பஸ்ஸில் நடப்பதுதானே என்று இருந்தேன். என் பெயரைக் கூப்பிடும் நேரத்தில் தலைவர் ஐயா திரும்பி, "அவ பேசறதுக்கு முன்னாடி அதை ஏத்தி வெச்சுடுங்கோ" என்றார். ஒலிபெருக்கி அவர் வாய்க்கு நேராக இருந்தது. சபை முழுக்கக் கேட்டது. ஒரு கட்டு ஊதுபத்தியைப் பிரிக்காமல் கொளுத்தி, வாழைப்பழத்தில் குத்தி, நான் நிற்கும் இடத்தில் கொண்டுவந்து வைத்தார்கள். ராக்கெட்டுக்கு வைக்கவில்லை. நேர்மைக்கும் வைக்கவில்லை.

"எங்க பிள்ளைகளுக்கு எட்டாம் வகுப்பு வேணும்" என்றேன். புகை தொண்டைக்குள் போய் இருமினேன். மறுபடியும் அதையே ஆரம்பித்தேன். மறுபடியும் இருமல். யாரோ சிரிக்க, வரிசை வரிசையாகச் சிரித்தார்கள். அப்போதுதான் அந்தப் பழத்தைத் தூக்கி அது யாருக்கு வேண்டுமோ அவர் மேஜையில் வைத்தேன். எறியவில்லை, வைத்தேன்.

செத்த மாட்டின் தோலோடு காலையிலிருந்து சாயங்காலம்வரை இருக்கிறேன். புழு நெளியும், உப்புத் தண்ணீர் காலில் ஓடும். எனக்கு அங்கே ஒரு நாளும் குமட்டியதில்லை. உங்கள் அரங்கில், அத்தனை சந்தனத்துக்கும் பன்னீருக்கும் நடுவில் குமட்டியது. வெளியே வந்து சுவர் ஓரமாக வாந்தி எடுத்தேன். அன்னத்தாய் அக்காவின் புடவையை இரண்டு தடவை துவைத்துவிட்டேன், அந்த வாசனை இன்னும் போகவில்லை.

திரும்பி வரும்போது பாலத்தின் மேல் முருகம்மாள் கேட்டாள். "அக்கா, நிசமாவே நாறுச்சா?" காலையில் மோந்து பார்த்தவள்தான் கேட்கிறாள்.

பூமாரி


மாட்டுங்கா
24 மே 1964

அன்புள்ள பூமாரி,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். உன் மனம் புண்பட்டிருக்கிறது என்பது தெரிகிறது. ஆனால் ஒரு விஷயத்தை எந்தப் பக்கத்திலிருந்து பார்க்கிறோம் என்று இருக்கிறதல்லவா. பன்னீர் தெளிப்பது மங்கலம். எங்கள் நாத்தனார் கல்யாணத்தில் சம்பந்தி மேல் சொம்பே கவிழ்ந்துவிட்டது. அவர் சிரித்துக்கொண்டே துண்டால் துடைத்துக்கொண்டார். அகிலாண்டம் சின்னப் பெண், கை தெரியாமல் உதறியிருப்பாள். பிரம்மநாயகம் முதலாளி எல்லோரிடமும் கேலி பேசுகிறவர். வானமாமலை சாருக்குக் கொசு என்றால் ஆகாது.

ஊதுபத்தி வாங்கி வைத்தது நான்தான். வாங்கி வையுங்கள் என்றார், வாங்கி வைத்தேன். எதற்கு என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை. ஆயிரம் வேலைக்கு நடுவில் யார் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

அதை விடு. நேற்றுக் கமிட்டி கூடியது. உனக்காக வாதாடி எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. தாராவிப் பெண்கள் எல்லோருக்கும் எட்டாம் வகுப்பு என்பது இப்போதைக்கு முடியாது என்றார்கள். முதலில் ஒரு பெண்ணைச் சேர்த்துப் பார்ப்போம், அவள் எப்படி இருக்கிறாள் என்று பார்த்துவிட்டு மேற்கொண்டு யோசிக்கலாம் என்று முடிவானது. அந்த ஒரு பெண் முருகம்மாள். சம்பளம், புத்தகம், சீருடை எல்லாம் பிரம்மநாயகம் முதலாளி பொறுப்பு. பள்ளி ஜூன் பதினைந்தாம் தேதி திறக்கிறது.

ஒரே ஒரு சின்ன விஷயம். மாநாட்டு மலர் அச்சாகிறது. வாசலில் உனக்குப் பன்னீர் தெளிக்கும் படம் வெகு அழகாக விழுந்திருக்கிறது, நீ வாய் கொள்ளாமல் சிரிக்கிறாய். அதைத்தான் முதல் பக்கத்தில் போடுகிறார்கள். அதன் கீழே போட நீ நன்றியாக நாலு வரி எழுதித் தர வேண்டும் என்று வானமாமலை சார் விரும்புகிறார். அந்த வாழைப்பழத்தை அவர் இன்னும் மறக்கவில்லை. நாலு வரி வந்துவிட்டால் சேர்க்கைத் தாளில் கையெழுத்துப் போட்டுவிடுவார்.

நாலு வரிதானே, பூமாரி. உன் தங்கையின் படிப்பை நினைத்துக்கொண்டு எழுது.

விசாலாக்ஷி


தாராவி
31 மே 1964

டீச்சரம்மாவுக்கு,

ஒரு வாரம் எழுதாமல் இருந்து பார்த்தேன். முருகம்மாள் ஏழாம் வகுப்புப் புத்தகத்தையே மறுபடி முதல் பக்கத்திலிருந்து படித்துக்கொண்டிருந்தாள். எனக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

அம்மாவிடம் சொன்னேன். "எழுதிக் குடுத்துத் தொலை. எழுத்துலயா நாத்தம் அடிக்கப் போவுது" என்றாள். அடிக்கிறது. எழுதி முடித்துவிட்டுக் கையைக் கழுவினேன். கிடங்கிலிருந்து வந்தால்கூட நான் அப்படிக் கழுவியதில்லை.

உங்கள் நாலு வரி கீழே இருக்கிறது. பொய் ஒரு சொல்கூடக் கிடையாது. தலைவர் ஐயா சிவப்பு மையால் என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும்.

"மாநாட்டுக்கு வந்த எல்லோருக்கும் இரண்டு முறை பன்னீர் தெளித்தார்கள். எனக்குச் சொம்பு தீரும்வரை தெளித்தார்கள். வேறு எந்தப் பேச்சாளருக்கும் ஏற்றாத ஊதுபத்தியை எனக்கு ஏற்றி வைத்தார்கள். இப்படி ஒரு வரவேற்பு என் வாழ்நாளில் கிடைத்ததில்லை. இதை நானும் என் தங்கையும் என்றைக்கும் மறக்க மாட்டோம்."

ஒன்று மட்டும் நிஜமாகவே கேட்டுக்கொள்கிறேன். பள்ளிக்கூடத்தில் அவளை முருகம்மாள் என்று கூப்பிடுங்கள். தாராவிப் பெண் என்றோ, கிடங்குக்காரி தங்கை என்றோ யாரும் கூப்பிட வேண்டாம். அதை நீங்கள் பார்த்துக்கொண்டால் எனக்கு வேறு எதுவும் வேண்டாம்.

பூமாரி


மாட்டுங்கா
2 ஆகஸ்ட் 1964

அன்புள்ள பூமாரி,

மலர் ஒரு பிரதி தனியாக அனுப்பியிருக்கிறேன். நேருஜி மறைந்த துக்கத்தில் வெளியீடு தள்ளிக்கொண்டே போய், போன மாதத் தொடக்கத்தில்தான் நடந்தது. உன் வரிகளை ஓர் எழுத்து மாற்றாமல் போட்டிருக்கிறார்கள். வானமாமலை சார் அதை மேடையில் வாசித்துக் காட்டி, "எவ்வளவு நன்றியுள்ள பொண்ணு பாருங்கோ" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிரம்மநாயகம் முதலாளி பத்துப் பிரதி வாங்கித் தன் கடைக்கு வரும் வாடிக்கைக்காரர்களுக்குக் கொடுக்கிறார். அச்சுக் கோர்த்த மன்சூர் அலி மட்டும், "அம்மா, இதை இப்படியே போடணுமா? நல்லா வாசிச்சுப் பாத்தீங்களா?" என்று என்னைக் கேட்டார். எனக்கும் வாசிக்கும்போது ஓரிடத்தில் லேசாக உறுத்தியதுதான். கமிட்டியே ஒப்புக்கொண்ட பிறகு நான் என்ன சொல்வது என்று விட்டுவிட்டேன்.

முருகம்மாளைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டும். கணக்கில் வகுப்பிலேயே முதல். அதிர்ந்து ஒரு வார்த்தை பேசுவதில்லை. எல்லாவற்றையும்விட என்ன சுத்தம், என்ன சுத்தம். அவள் பக்கத்தில் போனாலே கமகமவென்று பன்னீர் வாசனை வருகிறது. "தாராவியிலேர்ந்து வர பொண்ணுன்னு சத்தியம் பண்ணினாக்கூட யாரும் நம்ப மாட்டா" என்று அவள் வகுப்பாசிரியை என்னிடம் சொன்னார். எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா. மற்ற பெண்களிடம்கூட அவளைக் காட்டி, இவளைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். நீதான் பழக்கியிருப்பாய்.

தீபாவளி கழித்து இரண்டாவது மாநாடு வைக்கிறோம். சங்கத்தால் உன் குடும்பம் எப்படி உயர்ந்தது என்று நீ பத்து நிமிஷம் பேச வேண்டும் என்று எல்லோருக்கும் ஆசை. இந்தத் தடவை ஊதுபத்தி கிடையாது, நான் பொறுப்பு. நீ நல்லபடி பேசினால் அடுத்த வருஷம் இன்னும் இரண்டு பெண்களைச் சேர்க்கலாம் என்று பேச்சு அடிபடுகிறது.

சம்மதம் என்று உடனே எழுது.

அன்புடன்,
விசாலாக்ஷி


தாராவி
16 ஆகஸ்ட் 1964

விசாலாக்ஷி அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்த பிறகுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. அதற்கு உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். இந்த நன்றியை மலரில் போட வேண்டாம்.

நான் வீட்டில் பன்னீர் வாங்கி வைத்ததில்லை. அன்னத்தாய் அக்காவின் புடவைக்குப் பிறகு அந்த வாசனை எனக்கு ஆகாது. மழைக்காலத்தில் எங்கள் சந்தே சாக்கடையாக இருக்கிறது, அதோடு ஈரத்தோல் வாடை. என் மூக்குக்கு எதுவும் தெரியவில்லை. காலையில் நான் கிடங்குக்குப் போன பிறகுதான் அவள் பள்ளிக்குப் புறப்படுகிறாள்.

டிரங்குப் பெட்டியில் அவள் பாவாடைக்கு அடியில் தேடினேன். பாட்டில் இருந்தது, பாதி தீர்ந்திருந்தது. மதியத்துக்கு பன் வாங்கித் தின்னக் கொடுக்கிற காசில் வாங்கியிருக்கிறாள். அதனால்தான் சாயங்காலம் அப்படிப் பசியோடு வருகிறாள் போலிருக்கிறது. நன்றாகப் படித்தால் பசிக்கும் என்று நான் ஒரு முட்டாள் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன். தினமும் பாலத்தின் நடுவில் நின்று கழுத்திலும் கையிலும் போட்டுக்கொண்டு அந்தப் பக்கம் இறங்குகிறாளாம். ரயில் போகும் சத்தத்தில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்களாம். எல்லாவற்றுக்கும் வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறாள். கணக்கில் முதல் அல்லவா.

இன்னொன்றும் இப்போதுதான் புரிந்தது. மழைக்குக் குடை கொண்டு பள்ளி வாசலுக்கு வருகிறேன் என்று நான் சொல்லும்போதெல்லாம், "வேண்டாம்க்கா, பாலத்துக்கிட்டயே நில்லு" என்பாள். எனக்கு நடை மிச்சமாகட்டும் என்று சொல்கிறாள் என்று நினைத்திருந்தேன்.

பாட்டிலைக் காட்டிக் கேட்டேன். கலைந்து கிடந்த பாவாடையை மடித்துப் பெட்டியில் வைத்தாள். பிறகு சொன்னாள். "மலரை எல்லார் கிட்டயும் குடுத்தாங்க. அதுல ஒன் படத்துக்குக் கீழ போட்டிருக்கறத எல்லாரும் வாசிச்சாங்க. எம் பக்கத்துல உக்காந்திருந்த புள்ள எந்திரிச்சுப் போயிட்டா. போட்டுக்கிட்டுப் போன பொறவுதான் திரும்பி வந்து உக்காந்தா."

நான் எழுதிக் கொடுத்த நாலு வரி. உங்கள் தலைவருக்குப் புரியவில்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டார். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புரிந்திருக்கிறது.

எனக்கு ஆத்திரம் கண்ணை மறைத்தது. பாட்டிலைச் சாக்கடையில் ஊற்றினேன். அவள் அழுதாள். அழாதே என்று கையை ஓங்கினேன். கிடங்கிலிருந்து வந்து அப்போது இன்னும் குளித்திருக்கவில்லை. அவள் முகத்தைச் சுளித்து விலக்கிக்கொண்டாள். அடிக்குப் பயந்து அல்ல. அடிக்குப் பயந்தவள் கண்ணை மூடுவாள். இவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். கையை இறக்கிவிட்டேன்.

மறுநாள் நானே கடைக்குப் போய் ஒரு பாட்டில் வாங்கி அந்தப் பெட்டியில் வைத்தேன். வேறு என்ன செய்ய? பன் காசு அவள் வயிற்றுக்காவது போகட்டும். பள்ளியிலிருந்து அவளை நிறுத்தப் போவதில்லை. எட்டாம் வகுப்பு வேண்டும் என்று கேட்டது நான்தான். கேட்டது கிடைத்துவிட்டது. அவள் படிக்கட்டும்.

மாநாட்டுக்கு நான் வர மாட்டேன். இரண்டு பெண்களைச் சேர்ப்பதாக ஆசை காட்டியிருக்கிறீர்கள். அந்த இரண்டு பேருக்கும் அக்காள்கள் இருப்பார்கள், அவர்களிடம் நாலு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எனக்கும் இனிக் கடிதம் எழுத வேண்டாம்.

மேடையில் பேச ஆள் வேண்டுமென்றால் முருகம்மாளைக் கூப்பிடுங்கள். நீங்கள் எழுதிக் கொடுப்பதைப் பிழையில்லாமல் படிப்பாள். வாசலில் அவளுக்கு எல்லோருக்கும் போல இரண்டு உதறு போதும். மீதியை வீட்டிலிருந்தே போட்டுக்கொண்டு வருவாள்.

பூமாரி,
தோல் கிடங்குத் தொழிலாளி